ஈசிஆர் ரைடு, ரேஸ், எதிர்காற்று: புது உறுப்பினர்கள் கேட்டவை

சென்னையில் வாரக்கடைசிகளில் சைக்கிள் மிதிக்கும் எங்கள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பலர் ஒன்றையே கேட்டிருந்த இடங்களில் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்று வந்ததை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டேன். அதை ஆரம்பித்தால் இன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது.

என்னிடம் இருப்பது தடித்த டயர் போட்ட எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்). சனிக்கிழமை ரைடுக்கு வரலாமா? எல்லோரும் ரோடு பைக்கில் (மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிளில்) பறப்பார்களே? (மடிப்பாக்கம்)

தாராளமாக வாருங்கள். பறக்கிறவர்கள் முதல் குழுவில் பறக்கட்டும். கடைசிக் குழு மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். அதற்கும் பின்னால் ஸ்வீப் என்று ஒருவர் வருவார், அவரைத் தாண்டி யாரும் பின்தங்க விடமாட்டார். ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவான்மியூரில் கிளம்பி முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முதல் நாளைக்கு அது போதும்.

சைக்கிளை மாற்ற வேண்டாம், டயரை மட்டும் மாற்றுங்கள். முள்முள்ளாக இருக்கும் டயரைக் கழற்றிவிட்டு வழவழப்பான டயர் போட்டால் அதே சைக்கிள் வேறு மாதிரி ஓடும். அப்புறம் சீட் உயரம். புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டி வலிக்கிறது என்பார்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம்.

ஹெல்மெட் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். ஸ்பேர் டியூப், டயரைக் கழற்ற இரண்டு லீவர், ஒரு சின்ன பம்ப் பையில் இருக்கட்டும். காலை ஐந்தரை மணிக்கு உத்தண்டியில் எந்தப் பங்க்சர் கடையும் திறந்திருக்காது.

மார்கழியில் மாமல்லபுரம் போகும்போது 30-ல் ஓட்டினேன், கால் வலிக்கவே இல்லை. திரும்பும்போது 22-ஐத் தொடுவதற்குள் உயிர் போனது. சாப்பாட்டுக் கோளாறா? (வேளச்சேரி)

சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள், அது வாடைக்காற்று. கார்த்திகையிலிருந்து தை வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும். தெற்கே போகிறவனை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். நாம் அதைக் கவனிக்க மாட்டோம், இன்றைக்கு நல்ல ஃபார்மில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம். மாமல்லபுரத்தில் வண்டியைத் திருப்பியதும்தான் கணக்குத் தெரியும்.

அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். காற்று மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்று வையுங்கள். 30-ல் தெற்கே போகும்போது உங்கள் முகத்தில் படும் காற்று 20 தான். 22-ல் வடக்கே வரும்போது 32. காற்றின் எதிர்ப்பு அந்த வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதை உங்கள் சைக்கிளின் வேகத்தால் பெருக்கினால் செலவாகும் சக்தி. போட்டுப் பார்த்தால், மெதுவாக வந்த நீங்கள்தான் காற்றைக் கிழிப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியைச் செலவழித்திருக்கிறீர்கள். மீட்டரில் மட்டும் 22 என்று காட்டும், பாவம்.

பங்குனி, சித்திரையில் இதுவே தலைகீழ். காற்று தெற்கிலிருந்து வரும். போகும்போது கஷ்டம், திரும்பும்போது சுகம். நான் புது ஆட்களை அந்தக் காலத்தில்தான் நீண்ட ரைடுக்குக் கூட்டிப்போவேன். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனி, ஆடியில் விடிகாலைக் காற்று மேற்கிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும். முட்டுக்காடு பாலத்தில் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். மலை இல்லாத ஊரில் மலைக்குப் பதில் நமக்கு வாய்த்தது இந்தக் காற்றுதான்.

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகச் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவசியமா? (பள்ளிக்கரணை)

பயம் இருப்பது நல்லது. முதல் நான்கைந்து ரைடுக்கு ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டே வாருங்கள். ஒட்டிப் போனால் கிடைக்கும் லாபம் பெரிதுதான். முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வதால் பின்னால் வருகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். எதிர்காற்றில் தனியாகத் திணறுகிறவர் குழுவுக்குள் இருந்தால் பேசிக்கொண்டே வருவார்.

ஆனால் அதற்கு ஒழுங்கு வேண்டும். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் ஏறி நிற்கக் கூடாது. அவர் ஒரு பள்ளத்துக்காக லேசாக விலகினாலும் இரண்டு சக்கரமும் உரசும், விழுவது பின்னால் வருகிறவர்தான். பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் அவருடைய தோளுக்கு மேலே வையுங்கள். முன்னால் இருக்கிறவருக்கும் பொறுப்பு உண்டு. பள்ளம், கண்ணாடிச் சில்லு, நாய் எதுவானாலும் கையால் காட்டி வாயாலும் சொல்ல வேண்டும். திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. பெடலில் எழுந்து நிற்கும்போது சைக்கிள் கொஞ்சம் பின்னால் வரும், அதையும் சொல்லிவிட்டு எழ வேண்டும். முன்னால் போகும் தன் முறை வந்ததும் வேகத்தைக் கூட்டிக் காட்டும் ஆள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

எனக்கு வயது 47. சின்ன வயதில் வீட்டில் விடவில்லை, சைக்கிள் ஓட்டவே தெரியாது. இப்போது கற்றுக்கொள்ள முடியுமா? (குரோம்பேட்டை)

முடியும் அம்மா. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் கூலி வேலைக்குப் போனவர்களும் ஆயிரக்கணக்கில் வந்து கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே புடவையோடு ஏறினார்கள். அவர்களுக்குக் கிடைக்காத வசதி எல்லாம் உங்களுக்கு இருக்கிறது.

பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் பழைய முறை வேண்டாம். இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். சீட்டை இறக்கி, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படும்படி வையுங்கள். பள்ளி மைதானம் மாதிரி சமமான இடத்தில் காலால் தள்ளித் தள்ளி நகருங்கள். கால் தூக்கிக்கொண்டு பத்தடி போக முடிந்தால் பேலன்ஸ் வந்துவிட்டது. அப்புறம் பெடலை மாட்டிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு சில நாள் போதும். எங்கள் கிளப்பில் சொல்லிக்கொடுக்கப் பெண்களும் இருக்கிறார்கள், சங்கோஜம் வேண்டாம்.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு. அரசு கொடுத்த சைக்கிள்தான் இருக்கிறது. ரேஸ் ஓட வேண்டும் என்கிறான். அதில் முடியுமா? (செங்கல்பட்டு)

அந்த சைக்கிளுக்கென்றே ஒரு ரேஸ் இருக்கிறது சார். அண்ணா பிறந்தநாளை ஒட்டி, செப்டம்பரில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டி. இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி உள்ள சைக்கிள்தான் கொண்டுவர வேண்டும் என்பது விதி. லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் வைத்திருக்கும் பையனும் அங்கே உங்கள் மகனும் ஒன்றுதான். மாநிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த ரேஸ் அது.

13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. சின்னப் பிரிவில் பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண்களுக்கு 10. மற்ற இரண்டிலும் 20, 15. முதல் மூன்று இடத்துக்கு 5,000, 3,000, 2,000 ரூபாய். பத்தாவது இடம் வரைக்கும் ஏதாவது கிடைக்கும். பள்ளியில் வயதுச் சான்று முன்கூட்டியே வாங்கி வையுங்கள், கடைசி நேரத்தில் அதற்காக அலைகிறவர்கள் நிறைய.

சைக்கிளைத் தயார் செய்வதும் எளிது. கூடை, கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். டயரில் காற்று முழுதாக இருக்கட்டும். தம்பியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: முதல் இரண்டு கிலோமீட்டரில் எல்லோரும் வெறி பிடித்து மிதிப்பார்கள், அப்போது முன்னால் போக வேண்டாம். நாலாவது ஐந்தாவது ஆளாக ஒட்டிக்கொண்டு வரட்டும்.

டைம் ட்ரயல், ரோடு ரேஸ், கிரிட்டீரியம் என்கிறார்கள். என்ன வித்தியாசம்? நான் எதில் ஆரம்பிக்கலாம்? (போரூர்)

டைம் ட்ரயலில் ஒவ்வொருவராக, பெரும்பாலும் ஒரு நிமிட இடைவெளியில் அனுப்புவார்கள். யார் பின்னாலும் ஒட்டக் கூடாது. உங்கள் காலும் கடிகாரமும் மட்டும். ரோடு ரேஸில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள், ஒட்டுவதும் ஒளிவதும்தான் ஆட்டமே. கிரிட்டீரியம் என்பது மூடிய சின்னச் சுற்றுப்பாதையில் திரும்பத் திரும்பச் சுற்றுவது. ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து மறுபடி ஏறும். அந்த ஏற்றம்தான் காலைக் கொல்லும். வளைவில் பத்தாவது ஆளாக நுழைந்தால் பரவாயில்லை, முப்பதாவது ஆளாக நுழைந்தால் முன்னால் இருப்பவர்களைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் ஸ்பிரின்ட் அடிக்க வேண்டும். முன்னால் இருப்பவர்கள் உங்களை ஒரு முழுச் சுற்று தாண்டிவிட்டால் வழக்கமாக வெளியே எடுத்துவிடுவார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்.

டைம் ட்ரயலில் ஆரம்பியுங்கள். கூட்டத்தில் விழும் ஆபத்து இல்லை, உங்கள் நிலைமை என்ன என்பதும் ஒளிவுமறைவில்லாமல் தெரிந்துவிடும். ரோடு ரேஸுக்குப் போகும்போது மறக்கக் கூடாத விதி, கடைசி ஸ்பிரின்டில் நேர்கோட்டை விட்டு விலகக் கூடாது. விலகி இன்னொருவரை மறித்தால் முதலில் வந்தாலும் கீழே இறக்கிவிடுவார்கள். நம்மூரில் தரை சமம் என்பதால் பெரும்பாலான ரேஸ் அந்தக் கடைசி 200 மீட்டரில்தான் முடிவாகும். சனிக்கிழமை ரைடை மட்டும் ரேஸ் ஆக்காதீர்கள். திறந்த சாலையில் எதிரே பஸ் வரும், அதற்கு உங்கள் ஸ்ட்ராவா (ரைடைப் பதிவு செய்யும் செயலி) கணக்கு தெரியாது.

மேலக்கோட்டையூர் வெலோட்ரோமில் (சரிந்த வளைவுள்ள சைக்கிள் ரேஸ் சுற்றுப்பாதையில்) நம் சைக்கிளைக் கொண்டுபோய் ஓட்டலாமா? (கேளம்பாக்கம்)

ரோடு பைக்குக்கு அங்கே வேலை இல்லை தம்பி. அங்கே ஓட்டும் டிராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, ஒரே கியர், மிதிப்பதை நிறுத்தினால் பெடல் நிற்காது, காலையும் சேர்த்துச் சுற்றும். சரிந்த வளைவில் வேகம் குறைந்தால் சறுக்கிக் கீழே வருவீர்கள். பயிற்சியாளர் இல்லாமல் ஏறுகிற இடம் அல்ல. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஆசை இருந்தால் அதைத் தள்ளிப் போடாமல் முறையாகச் சேர்த்துவிடுங்கள். அந்த வயதில் பழகியவர்களை அப்புறம் ரோட்டில் பிடிப்பது கஷ்டம்.

200 கிலோமீட்டர் பிஆர்எம் ஓட வேண்டும். இதுவரை அதிகபட்சம் 80. மூன்று மாதம் போதுமா? (அம்பத்தூர்)

போதும். பிஆர்எம் என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு. ரேஸ் இல்லை, இடமும் பரிசும் கிடையாது. 200-ஐ 13.5 மணி நேரத்தில் முடித்தால் சரி. கணக்குப் பார்த்தால் மணிக்கு 15 கூட இல்லை, நின்று சாப்பிடும் நேரமும் அதற்குள்தான். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும் ஒரு சீசனுக்குள் இந்த நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனர் பட்டம். பிரான்சில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டருக்கு அதுதான் நுழைவுச்சீட்டு. 1891-ல் தொடங்கிய அது நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும். கடைசியாக 2023-ல் நடந்தது, அடுத்தது 2027.

வாரம் ஒரு நீண்ட ரைடு வையுங்கள். 80, 100, 120, நடுவில் ஒரு வாரம் இளைப்பாறல், பிறகு 140, 150. அதற்கு மேல் பயிற்சியில் தேவையில்லை. வேகத்தைவிட நிறுத்தம்தான் நேரத்தைத் தின்னும். டீக்கடையில் ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தால் அரை மணி ஓடிவிடும். மணிக்கொரு பாட்டில் தண்ணீர், அதில் உப்பு. கையில் கடலை மிட்டாய், வாழைப்பழம், பேரீச்சை. பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். விளக்கும் பிரதிபலிக்கும் மேல்சட்டையும் கட்டாயம். கூடவே கார் வந்து ஊட்டிவிட முடியாது, பங்க்சர் ஆனாலும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈசிஆரில் வேலை நடக்கிறது. எந்தப் பக்கம் போவது? (நீலாங்கரை)

திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை ஆறு வழியாக அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் ஓரம் நம்பகமில்லை. தோண்டிய பள்ளமும் மண்ணும் ஓரத்தில்தான் கிடக்கும். அங்கே இரட்டையாகப் போகாமல் ஒற்றை வரிசையில், மெதுவாக. பின்விளக்கு விடிந்த பிறகும் எரியட்டும். ஞாயிறு ஏழரைக்கு மேல் கார் கூட்டம் வந்துவிடும், அதற்குள் திரும்புவது உத்தமம். மாற்றுவழி வேண்டுமானால் கேளம்பாக்கம் – வண்டலூர் சாலை இருக்கிறது. அங்கும் லாரி எழுவதற்கு முன் போய்விட வேண்டும்.

முதல் மலைக்கு எங்கே போகலாம்? கொல்லிமலை என்கிறார் நண்பர். (தாம்பரம்)

நண்பருக்கு உங்கள்மேல் என்ன கோபம்? கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு. முதலில் ஏலகிரி போங்கள், 14 வளைவுதான். ரயிலில் சைக்கிளை பார்சலாகப் போட்டு ஜோலார்பேட்டையில் இறங்கினால் அடிவாரம் பக்கம். அடுத்தது 20 வளைவுள்ள ஏற்காடு. கொல்லிமலை அதற்கப்புறம். முன்பக்கப் பல்சக்கரத்தில் 34 பல், பின்பக்கப் பல்சக்கரத்தில் குறைந்தது 32 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டுப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ரிம் சூடேறும்.

கடற்கரைப் பக்கம் ஓட்டி ஓட்டி செயின் துருப்பிடிக்கிறது. (பெசன்ட் நகர்)

உப்புக்காற்று அப்படித்தான். ரைடு முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், அரை மணி கழித்து மேலே நிற்கும் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அதைத் தலைக்கு வையுங்கள்.