சியோர்வோன்: ஆற்றுப் பாறைகளும் போர்க்களமும் ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: மகன் தென் கொரியாவின் சுவோன் நகரில் வேலை பார்க்கிறான். அக்டோபரில் நானும் கணவரும் அவனோடு இரண்டு வாரம் தங்கப் போகிறோம். வட கொரிய எல்லையை ஒட்டிய சியோர்வோனில் ஹான்தான் ஆற்றுப் பாறைகளையும் கொரியப் போர் நடந்த இடங்களையும் பார்க்கலாம் என்கிறான். காலையில் கிளம்பி இரவுக்குள் இரண்டையும் பார்த்துத் திரும்ப முடியுமா? கணவருக்கு வயது 66, முழங்கால் வலி உண்டு. எல்லைக்கு அவ்வளவு பக்கத்தில் போவது ஆபத்தில்லையா? நாங்கள் சைவம் என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

பதில்: முடியும், ஆனால் செய்யாதீர்கள். சுவோனிலிருந்து சியோல் நெரிசலைத் தாண்டிப் போகவே இரண்டரை மணி நேரம் ஆகலாம். எல்லைச் சுற்றுலா குறித்த நேரத்தில்தான் கிளம்பும், ஆற்றுப் பாதையில் பிற்பகல் நுழைவை சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் உங்கள் கணவரின் முழங்கால்தான் மாட்டிக்கொள்ளும். ஓர் இரவு தோங்சோங் ஊரில் தங்குங்கள். முதல் நாள் மலையும் ஆறும், மறுநாள் காலை எல்லை. கிழமை எதுவானாலும் சரி, செவ்வாய் மட்டும் வேண்டாம். பாறைப் பாதை, எல்லைச் சுற்றுலா இரண்டுக்கும் அன்று விடுமுறை. இலையுதிர்கால வார இறுதிகளில் சியோலே கிளம்பி இங்கே வந்துவிடும் என்பதால் புதன், வியாழன் நல்லது.

போனதும் நேரே ஆற்றுக்கு ஓடிவிட வேண்டாம். சோயி மலைக்குப் போங்கள். 362 மீட்டர்தான், மோனோரயில் இருக்கிறது, இறங்கியபின் கொஞ்சம் படி ஏறினால் போதும். மேலே நின்றால் வடக்கே மலைகள் வரை தட்டையான வயல்வெளி. அது எரிமலைக் குழம்பு பரப்பிய தரை. இன்று வட கொரியாவில் இருக்கும் பியோங்காங் பக்கம், ஓரி மலையை ஒட்டிய இடங்களில் ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பல தடவை வழிந்த குழம்பு, பழைய ஆற்றுப் பள்ளங்களை நிரப்பியபடி தெற்கே நூறு கிலோமீட்டர் தாண்டி இம்ஜின் ஆற்றோரம் வரை போயிருக்கிறது. மலைகளே நிறைந்த கொரியாவில் இத்தனை பெரிய சமவெளி அபூர்வம். 905-ல் குங் யே என்ற அரசர் தலைநகரை இங்கே மாற்றியதும், 1914-ல் சியோல்–வொன்சான் ரயில் இந்த வழியாகப் போனதும், 1952-ல் சுற்றியுள்ள குன்று ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கானோர் செத்ததும் இந்தத் தரையால்தான். குன்றைப் பிடித்தவன் கண்ணில் சமவெளி முழுக்கப் படும், சாலையில் ஒரு லாரி போனாலும் தெரியும்.

ஆறு எங்கே என்று தேடுவீர்கள். தெரியாது. சமவெளியை அறுத்துக்கொண்டு முப்பது, நாற்பது மீட்டர் பள்ளத்தில் ஓடுகிறது. விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தால்தான் உண்டு.

மலையடிவாரத்திலேயே, வட கொரியாவை ஆளும் தொழிலாளர் கட்சியின் பழைய தலைமையகம். 1945 முதல் போர் வரை இந்த ஊர் 38-ஆம் அட்சரேகைக்கு வடக்கே, வட கொரிய ஆட்சியில் இருந்தது. அப்போது, 1946-ல் கட்டிய மூன்று மாடிக் கட்டடம் இது. கூரையில்லை, சுவரெங்கும் குண்டுத் துளைகள். உள்ளே விட மாட்டார்கள், வெளியிலிருந்து பார்க்கலாம். முன்படிகளைக் குனிந்து பாருங்கள். விளிம்புகள் நசுங்கியிருப்பது டாங்கி ஏறிய தடம் என்பார்கள். சுற்றிலும் ஒரு நகரமே இருந்தது. பனிக்கட்டிக் கிடங்கு, மெதடிஸ்ட் தேவாலயம் என்று இங்கொன்றும் அங்கொன்றுமாக இடிபாடுகள்தான் மிச்சம். பக்கத்தில் அந்தக் கால வீதியைப் புதிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். புகைப்படத்துக்கு ஆகும், அதற்கு மேல் நேரம் செலவிட வேண்டாம்.

மதியத்துக்கு மேல் ஆறு. 2021 நவம்பரில் திறந்த பாறைப் பாதைதான் இப்போது எல்லாரும் சொல்வது. செங்குத்துப் பாறையில் இரும்புத் தாங்கிகள் அடித்து, ஆற்றுக்கு மேலே தொங்கவிட்ட 3.6 கிலோமீட்டர் நடைபாதை, அகலம் ஒன்றரை மீட்டர். பெரியவர்களுக்கு 10,000 வொன், அதில் பாதியை உள்ளூர்க் கடைகளில் செலவழிக்கும் கூப்பனாகத் திருப்பித் தருவது வழக்கம். தூரம் பெரிதல்ல, ஆனால் படிகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நடுவில் வெளியேற வழி கிடையாது. அதனால் கணவர் சுன்தாம் வாசலில் நுழைந்து, அந்தப் பக்கம் ஆற்றின் மேல் வளைவாக நீட்டியிருக்கும் கண்ணாடித் தளம் வரை போய்த் திரும்பிவிடட்டும். முழுதும் நடக்க ஆசையென்றால் நீங்களும் மகனும் துருனி வாசல் வரை போங்கள். அங்கிருந்து கார் நிற்கும் இடத்துக்குத் திரும்ப வார இறுதியில் இலவசப் பேருந்து உண்டு, மற்ற நாளில் டாக்சிதான்.

பாதையில் போகும்போது இரண்டு கரையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பல இடங்களில் ஒரு கரை கருப்பு, எதிர்க்கரை வெளுப்பு. கருப்பாக இருப்பது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. ஏரி வற்றினால் களிமண் வெடிப்பதைப் போல, சூடு ஆறும்போது சுருங்கி ஐந்து பக்கம், ஆறு பக்கமாக வெடித்து, அந்த வெடிப்பு கீழ்நோக்கி இறங்கித் தூண் தூணாக நிற்கிறது. வெளுப்பாக இருப்பது அதைவிடப் பல கோடி ஆண்டு மூத்த கருங்கல் (கிரானைட்), உருண்டு திரண்டு கிடக்கும். இரண்டும் சேரும் பொருத்து பலவீனமானது, அங்கேதான் ஆறு அரித்து இறங்கியது. 2020-ல் யுனெஸ்கோ இந்த ஆற்றுப் படுகையை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்ததற்குக் காரணம் இந்தப் பாறைகள்தான்.

நடக்கவே முடியாத நாளென்றால் கவலை வேண்டாம். காரிலிருந்து இறங்கிச் சில அடியில் ஜிக்தாங் அருவி. ‘கொரியாவின் நயாகரா’ என்ற பட்டத்தை மறந்துவிட்டுப் போங்கள், உயரம் 3 மீட்டர்தான். அகலம் 80 மீட்டர். தூண் தூணாக வெடித்த பாறை ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழ விழ அருவி பின்வாங்கிக்கொண்டே போகிறது. கோசோக்ஜோங்கில் ஆற்றின் நடுவே நிற்கும் கருங்கல் குன்றை மேலிருந்தே பார்த்துவிடலாம். அருகிலுள்ள பூந்தோட்டம் அக்டோபரில் திறந்திருந்தால் உள்ளே ஒரு சுற்று வாருங்கள், முன்பு ராணுவம் டாங்கிப் பயிற்சி செய்த மைதானம் அது. போகிற வழியில் சுங்கில் பாலம் வரும். 1948-ல் வடக்கு கட்டத் தொடங்கியது, போருக்குப் பின் 1958-ல் தெற்கு முடித்தது. வளைவுகளின் வடிவம் இரு பக்கமும் வேறு வேறாக இருப்பது கரையிலிருந்து பார்த்தாலே தெரியும்.

மறுநாள் எல்லை. பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ராணுவக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டித் தனியாகப் போக முடியாது, உள்ளூர் நிர்வாகம் நடத்தும் சுற்றுலாவில் பதிந்துகொண்டுதான் போக வேண்டும். அந்தக் கோட்டுக்கு அப்பால் தினமும் விவசாயிகள் டிராக்டரில் போய் நடவும் அறுவடையும் செய்துவிட்டு வருகிறார்கள். நிலைமை கொஞ்சம் சரியில்லை என்றாலும் சுற்றுலாவை ரத்து செய்துவிடுவார்கள். 2019-ல் பன்றிக் காய்ச்சல் பரவியதற்கே எல்லைச் சுற்றுலாக்கள் பலவற்றை நிறுத்தினார்கள். உண்மையான ஆபத்து கண்ணிவெடி. முக்கோணச் சிவப்புப் பலகை தொங்கும் முள்கம்பிக்கு அப்பால் ஒரு அடிகூட வைக்காதீர்கள், பூப்பறிக்கவும் ஒதுங்கவும்கூட. 2020 ஆகஸ்ட் வெள்ளத்தில் கண்ணிவெடிகள் ஊருக்குள்ளேயே அடித்துவரப்பட்டன.

பாஸ்போர்ட் அசல் வேண்டும், கைபேசியில் உள்ள படம் செல்லாது. மகன் தன் கொரியக் குடியிருப்பு அட்டையைக் கொண்டுவரட்டும். சொந்தக் காரில் வரிசையாகப் போக விடுவார்களா, பேருந்தா என்பது நாளைப் பொறுத்து மாறும், முதல் நாளே மகனை விட்டுத் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். காவல் சாவடிகளையும் வீரர்களையும் படமெடுக்கக் கூடாது. வழி பார்க்க நேவர் அல்லது காகாவ் வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள், கொரியாவில் கூகுள் கைவிட்டுவிடும்.

வழக்கமாக முதலில் காட்டுவது இரண்டாம் சுரங்கம். காவலில் இருந்த வீரர்கள் காலுக்கடியில் வெடிச்சத்தம் கேட்டதைச் சொல்ல, பல இடங்களில் துளையிட்டுப் பார்த்து 1975-ல் கண்டுபிடித்தார்கள். வடக்கிலிருந்து கருங்கல்லைக் குடைந்து வந்தது, எல்லைக்கோட்டைத் தாண்டி தெற்கே 1.1 கிலோமீட்டர் வரை. தேடுதலில் எட்டு வீரர்கள் இறந்தார்கள். ஹெல்மெட் கொடுப்பார்கள், அதைக் கழற்றவே வேண்டாம், அடிக்கடி ‘டொக்’ என்று இடிக்கும். தரை ஈரம், குனிந்து நடக்க வேண்டும். கணவர் இதைத் தாராளமாக விட்டுவிடலாம். அமைதி கண்காணிப்பகத்துக்கு அவர் கட்டாயம் வரட்டும், அங்கே மோனோரயில் இருக்கிறது. 4 கிலோமீட்டர் அகல ராணுவமற்ற பகுதி முழுதும் கண்முன் விரியும். குங் யேயின் கோட்டை இடிபாடு அதற்குள்தான், எல்லைக்கோடு நடுவே குறுக்காகப் போகிறது. எந்தப் பக்கத்து அகழாய்வாளரும் சுலபமாக உள்ளே போக முடியாது. வோல்ஜோங்ரி ரயில் நிலையக் கட்டடம் பிற்காலத்தில் எடுத்துக் கட்டியது. பின்புறம் துருப்பிடித்துக் கிடக்கும் ரயில் பெட்டியின் எலும்புக்கூடுதான் நிஜம்.

வெள்ளைக் குதிரைக் குன்று நினைவிடத்துக்குத் தனியே போக வேண்டும். 395 மீட்டர் உயரக் குன்று, 1952 அக்டோபர் 6 முதல் பத்து நாள், தென் கொரிய 9-ஆம் பிரிவுக்கும் சீனப் படைக்கும் இடையே பல தடவை கைமாறியது. குன்றில் ஏற முடியாது, எதிரிலிருந்து பார்க்கலாம். முந்தைய நாள் சோயி மலையில் நின்றிருந்தால், இந்தச் சின்னக் குன்றுக்கு ஏன் அத்தனை பேர் என்று தனியாக விளக்கத் தேவையிருக்காது.

போர் வரலாற்றில் ஆர்வம் என்பதால் ஒன்று. இந்தப் போருக்கு இந்தியா அனுப்பியது 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. அதன் தலைவர் தமிழரான லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், மகா வீர் சக்ர விருது பெற்றவர். 1951 மார்ச்சில் மேற்கே முன்சானில் அமெரிக்க பாராசூட் படை வீரர்களோடு அவரும் பிரிவில் சிலரும் பாராசூட்டில் குதித்துச் சிகிச்சை செய்தார்கள். மூன்றாம் நாள் கையில் இருந்தால் பாஜு வழியாகத் திரும்புங்கள், முன்சான் அந்த வழியில்தான்.

சாப்பாடு கொஞ்சம் சிரமம். கிம்ச்சியில் மீன் சாறு இருக்கும், நூடுல்ஸ் குழம்பு பெரும்பாலும் இறைச்சி வடிநீர். பிபிம்பாப் வாங்கி இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்று மகனைச் சொல்லச் சொல்லுங்கள், அதில் போடும் மிளகாய் விழுதில் இறைச்சி கலந்திருக்கிறதா என்றும் கேட்கட்டும். சியோர்வோன் அரிசிக்குப் பேர் போன ஊர், வெறும் சோறே நன்றாக இருக்கும். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம், அக்டோபர் குளிரில் கெடாது. அந்தக் குளிருக்கே காலையில் ஸ்வெட்டர் போதாது, காற்றுத் தடுக்கும் மேல்சட்டை ஒன்று வேண்டும்.