வாசகர் கேள்வி–பதில்: பலகாரத் தட்டுக்கு ஏற்ற தீபாவளிக் காப்பி

கேள்வி: சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் 5 கிலோ கொள்ளளவுள்ள இயந்திரத்தை வைத்துக் காப்பிக்கொட்டை வறுத்து விற்று வருகிறேன். இவ்வாண்டு தீபாவளிக்கென ஒரு தனிக் கலவையை உருவாக்கி, 200 கிராம் எடையில் 200 பொட்டலங்கள் விற்க எண்ணியுள்ளேன். ஏலக்காய், சுக்கு சேர்த்து வறுக்கலாமா? வேலையை எப்போது தொடங்க வேண்டும்? மிஞ்சியதைப் பெட்டியை மட்டும் மாற்றிக் கிறிஸ்துமஸ் கலவையாக விற்கலாமா?
— வாசகி, ஜூ சியாட்

பதில்: பண்டிகைக் கலவை என்றதும் பலரும் மசாலாவிலிருந்தோ பெட்டியிலிருந்தோ தொடங்குகிறார்கள். நான் பலகாரத் தட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, அதிரசத்தையோ மைசூர்பாகையோ ஒரு வாய் கடித்த பிறகு, பாலும் சர்க்கரையும் கலந்து குடிக்கப்படும் காப்பி அது. ஆகவே, வெறும் வயிற்றில், வெந்நீரில் ஊறவைத்து, கரண்டியால் உறிஞ்சி ருசி பார்ப்பது மட்டும் போதாது. உங்கள் மாதிரிகள் ஒவ்வொன்றுக்கும் 30 கிராம் பொடியை ஃபில்டரில் போட்டு, 150 மில்லிலிட்டர் கொதிநீர் ஊற்றி, டிகாஷன் முழுவதும் இறங்கிய பின் பால் கலந்து டம்ளர்களை வரிசையாக வையுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் இருக்கட்டும்.

அதிரசத்தைத் தின்றுவிட்டு இளம் வறுவலில் செய்த எத்தியோப்பியக் காப்பியைக் குடித்தால், தனியாகக் குடிக்கும்போது மலர் வாசனையாகத் தெரிந்தது எலுமிச்சைத் தோலைக் கடித்ததுபோல ஆகிவிடும். வெல்லத்தின் இனிப்பு நாக்கில் இருக்கையில் காப்பியின் இனிப்பு மங்கி, புளிப்பு முன்னே வந்து நிற்பதே காரணம். முறுக்கோடு அவ்வளவு மோசமில்லை. நடுத்தரத்துக்குச் சற்று மேற்பட்ட வறுவலில், புளிப்பு குறைந்து கனம் கூடிய கொட்டைதான் பலகாரத்துக்கு ஈடுகொடுக்கும்.

தொடக்கமாக இந்த அளவை முயன்று பாருங்கள்: தென்னிந்திய அராபிகாவில் பிளாண்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய பெரிய கொட்டைத் தரம்) 60 விழுக்காடு, பீபரி 25 விழுக்காடு, கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டா 15 விழுக்காடு. ரோபஸ்டா என்றதும் முகம் சுளிக்காதீர்கள். நம் வீட்டு விருந்துக்கு வரும் சீன, மலாய் அண்டைவீட்டார் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த காப்பிக்கடைத் தூளில் வளர்ந்தவர்கள். அந்தத் தூள் பெரும்பாலும் ரோபஸ்டாதான். கெட்டிப் பால் ஊற்றிய கோப்பிக்குப் பழகிய நாக்குக்கு, கனமில்லாத காப்பி தண்ணீராகவே தோன்றும்.

இம்மூன்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்க வேண்டாம். பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒற்றை விதையாக விளைந்த பீபரி உருண்டையாக இருப்பதால் உருளையில் வேறு விதமாகப் புரளும். ரோபஸ்டாவோ வேறு வேகத்தில் சூடேறும். தனித்தனியே வறுத்து, ஆறிய பின் எடை போட்டுக் கலப்பதே உங்களைப் போன்ற சிறு கூடத்துக்கு ஏற்றது. ஒருமுறை கலவை பிசகினாலும் ஒரு கொட்டையை மட்டும் மறுபடி வறுத்தால் போதும்.

இனி நாள் கணக்கு. 2025இல் அக்டோபர் 20ஆம் தேதி வந்த தீபாவளி 2026இல் நவம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. தென்னிந்தியாவில் அராபிகாப் பழத்தைப் பறிப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை என்பதால், தீபாவளியின்போது புதிய விளைச்சல் இன்னும் செடியில்தான் இருக்கும். நீங்கள் வறுக்கப்போவது ஒன்பது, பத்து மாதத்துக்கு முன் பறித்த கொட்டை. அதில் தவறில்லை. ஆனால் 10 முதல் 12 விழுக்காடு ஈரப்பதத்தோடு வந்து சேரும் பச்சைக் கொட்டையை நம் ஊர்ப் புழுக்கத்தில் வெறும் சணல் சாக்கில் போட்டுவைத்தால், அக்டோபரில் அதிலிருந்து சாக்கு வாடைதான் வரும். தேவையான அளவை ஆண்டின் நடுவிலேயே ஒதுக்கச் சொல்லி, காற்றுப் புகாத உள்பையோடு வாங்கி, குளிரூட்டிய அறையில் வையுங்கள்.

வறுப்பதற்கு நீங்கள் அஞ்சும் அளவுக்கு நேரம் ஆகாது. 200 பொட்டலம் என்றால் வறுத்த கொட்டை 40 கிலோ. வறுக்கும்போது ஏறக்குறைய 16 விழுக்காடு எடை குறையும் என்று கொண்டால் பச்சைக் கொட்டை 48 கிலோ வேண்டும். ஈட்டுக்கு 4 கிலோவாகப் போட்டால் 12 அல்லது 13 ஈடுகள். ஆறவைப்பதையும் சேர்த்து ஈட்டுக்கு 20 நிமிடம் என்றாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது பொட்டலம் கட்டுவதும் ஒட்டுத்தாள் ஒட்டுவதுமே. ஆதலால் பெட்டி, பை, ஒட்டுத்தாள் ஆகியவற்றை ஆகஸ்டிலேயே முடித்துவிட்டு, கொட்டையை அக்டோபர் நடுவில் பாதியும், தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு பாதியுமாக வறுங்கள். புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிச் சுவை நிலைபெற ஒரு வாரம் விடுவது நல்லது. அதற்காகத்தான் காற்று வெளியே மட்டும் போகும் அடைப்பு வைத்த பை. பொடியாகக் கேட்பவர்களுக்கு விற்கும் அன்றே அரைத்துக் கொடுங்கள்.

விலையைப் பச்சைக் கொட்டைக் கணக்கில் போட்டு ஏமாந்துவிடாதீர்கள். கிலோ 14 வெள்ளிக்கு வாங்கிய கொட்டை, வறுத்து முடிக்கையில் கிலோ 16 வெள்ளி 67 காசு ஆகியிருக்கும். பையும் பெட்டியும் வாடகையும் அதற்கு மேல்தான்.

ஏலக்காய் விஷயத்தில் நான் சூடுபட்டவன். வறுப்புத் தொழிலில் இருந்த காலத்தில், ஒரு பண்டிகைக் கலவைக்காக ஏலக்காயைக் கொட்டையோடு சேர்த்தே அரைத்தேன். மலிவான கொட்டை 3 கிலோவை அரைத்துக் கொட்டிய பிறகும் இயந்திரத்தை விட்டு வாசனை போகவில்லை. மறுநாள் ஓர் உணவகத்துக்குப் போன வழக்கமான பொடி முழுவதும் பாயச வாடை அடித்தது. அவர்கள் அதைத் திருப்பி அனுப்பியதோடு நிற்கவில்லை, அடுத்த மாதத்திலிருந்து வேறிடத்தில் வாங்கத் தொடங்கினார்கள். வறுக்கும் உருளைக்குள் மசாலாவைப் போட்டால் அது காப்பிக்கு முன்பே கருகும். ஏலமும் சுக்கும் வேண்டுமென்றால் தட்டிய பொடியைச் சிறு உறையிலிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். உறையில் இருப்பதையும் சேர்த்து ஒட்டுத்தாளில் சேர்மானங்களாகக் குறிப்பிட வேண்டும். உணவுப் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, உங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி ஆகியவை ஆங்கிலத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதி. தமிழ் வாழ்த்தும் கோலமும் அவற்றுக்கு மிஞ்சிய இடத்தில்.

பெட்டியை மாற்றிக் கிறிஸ்துமஸுக்கு விற்பதா? வேண்டாம். இரண்டையும் வாங்கும் ஒரே ஒரு வாடிக்கையாளர் கண்டுபிடித்தால் போதும். அதுமட்டுமன்றி, நவம்பர் தொடக்கத்துக்கு முன் வறுத்த கொட்டை டிசம்பர் இறுதியில் மணமிழந்திருக்கும். மிஞ்ச வேண்டியது பச்சைக் கொட்டைதான். நீங்கள் ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் கொட்டைகளையே அடிப்படையாக வைத்து, பீபரியை மட்டும் பண்டிகைக்கென வாங்கினால், முன்பதிவைப் பார்த்து வறுத்துக்கொள்ளலாம். மீதி உங்கள் வழக்கமான கலவைக்குள் போய்விடும். பழக்கேக்கோடு பால் கலக்காமல் குடிப்பவர்களுக்கான கிறிஸ்துமஸ் கலவை வேறு கணக்கு.

கேள்வி: தீபாவளிக் கலவையில் சிக்கரி சேர்த்தால் மட்டமான காப்பி என்று நினைப்பார்களா?
— வாசகர், ஈசூன்

பதில்: நினைப்பவர்கள் நினைக்கட்டும். சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை உலர்த்தி வறுத்துப் பொடித்தது. அதில் காஃபின் இல்லை. டிகாஷனுக்குக் கருநிறமும் கெட்டித்தன்மையும் தருகிறது. இந்தியாவில் சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று விதி இருப்பதிலிருந்தே எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பது தெரியும். பண்டிகைக் கலவைக்கு 10 முதல் 15 விழுக்காடு போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் நல்ல கொட்டைக்குக் கொடுத்த காசு வீண். விகிதத்தைப் பெட்டியின் முகப்பிலேயே போட்டுவிடுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சிக்கரிப் பொடி நம் ஊர் ஈரக் காற்றை உறிஞ்சிக் கட்டிதட்டிவிடும். மழை நாளில் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு பொட்டலம் கட்டாதீர்கள்.

கேள்வி: தீபாவளிக்கு மூன்று பொட்டலம் காப்பிக்கொட்டை அன்பளிப்பாக வந்துவிட்டது. குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: திறந்த பொட்டலத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் சாம்பாரும் சம்பலும் அதில் குடியேறும். பிரிக்காத இரண்டையும் உறைநிலைப் பகுதியில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் அலமாரியில் வைத்துப் பயன்படுத்துங்கள். அடுத்ததை எடுக்கும்போது முந்திய இரவே வெளியே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகே உறையைக் கிழியுங்கள். குளிர்ந்திருக்கையில் கிழித்தால் கொட்டையின் மேல் நீர் படியும்.