யாரும் ‘அவுட்’ ஆகாத விளையாட்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகளின் பிறந்தநாளுக்கு 4 முதல் 11 வயது வரை 15 பிள்ளைகள் வருகிறார்கள். மியூசிக்கல் சேர் வைத்தால் சின்னப் பிள்ளைகள்தான் முதலில் அவுட் ஆகி அழுகிறார்கள். வேறு விளையாட்டு சொல்லுங்களேன்.

விளையாட்டை மாற்ற வேண்டாம், விதியை மாற்றுங்கள். 15 பேர் ஆடினால், முதலில் வெளியேறும் குழந்தை இன்னும் 13 சுற்றுகளை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். அதுவும் அநேகமாக வந்தவர்களிலேயே சின்னக் குழந்தையாக இருக்கும். இது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

பாட்டு நிற்கும்போதெல்லாம் இருக்கையை மட்டும் குறையுங்கள், பிள்ளைகளைக் குறைக்காதீர்கள். மிஞ்சிய இடத்தில் எல்லாரும் எப்படியாவது ஒண்டிக்கொள்ள வேண்டும், யார் காலும் வெளியே படக் கூடாது. நாற்காலியில் இத்தனை பேர் ஏறினால் கவிழும் என்பதால் தரையில் செய்தித்தாள்களை விரித்து, வழுக்காதபடி ஓரங்களை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கடைசி இரண்டு தாள்கள் வரும்போது பெரிய பிள்ளைகள் தாமாகவே சின்னவர்களை இடுப்பில் தூக்கிக்கொள்வார்கள். அதுவரை தொந்தரவாக இருந்த வயது வித்தியாசம்தான் அங்கே கைகொடுக்கும்.

எந்த இரண்டு அட்டைகளை எடுத்தாலும் ஒரே ஒரு படம் மட்டும் பொதுவாக இருக்கும் சீட்டு விளையாட்டை வீட்டில் செய்ய முயன்றேன். சில ஜோடிகளில் இரண்டு படங்கள் ஒத்துப்போகின்றன, சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. எங்கே தவறு?

படங்களை மனம்போல் கலந்து வரைந்திருப்பீர்கள். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும் வேலை.

13 படங்களைத் தேர்ந்தெடுத்து 1 முதல் 13 வரை எண் கொடுங்கள். முதல் அட்டையில் 1, 2, 4, 10 ஆகிய படங்களை வரையுங்கள். அடுத்த அட்டைக்கு ஒவ்வோர் எண்ணோடும் ஒன்று கூட்டுங்கள்: 2, 3, 5, 11. அதற்கடுத்தது 3, 4, 6, 12. இப்படியே போகும்போது 13-ஐத் தாண்டினால் மறுபடி 1 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது அட்டை 5, 6, 8, 1 என்று வரும். 13 அட்டைகள் முடிந்ததும் எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், பொதுவான படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

காரணம் இதுதான். 13 எண்களையும் வட்டமாக எழுதி, 1, 2, 4, 10 ஆகியவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே திசையில் எத்தனை அடி என்று எண்ணினால், 1 முதல் 12 வரை ஒவ்வோர் இடைவெளியும் சரியாக ஒரு தடவைதான் வரும். அதனால்தான் இரண்டு அட்டைகள் ஒரே இடத்தில் மட்டும் சந்திக்கின்றன.

சின்னவர்களுக்கு 7 படங்கள் போதும்: 1, 2, 4 என்று தொடங்கி, 7-ஐத் தாண்டினால் 1. பெரியவர்கள் ஆடுவதற்கு 21 படங்கள், தொடக்கம் 1, 2, 5, 15, 17. ஒரே படத்தை ஓர் அட்டையில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் தலைகீழாகவும் வரைந்தால்தான் தேடுவதில் சுவை. ஒரு பெரிய பிள்ளை, ஒரு சின்னப் பிள்ளை என்று ஜோடி சேர்த்து ஆடவிடுங்கள். முந்திக் கண்டுபிடிப்பது பல சமயம் சின்னதாகவே இருக்கும்.

என் மகன் கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கிவிடுகிறான். வற்புறுத்தலாமா?

வேண்டாம், வேலை கொடுங்கள். பாட்டை நிறுத்துவது, சீட்டு எடுத்து எண்ணைச் சொல்வது, மணி அடிப்பது எல்லாம் ஆட்டத்தின் பகுதிதான். பாட்டை நிறுத்துகிறவன் கையில் மொத்த ஆட்டமும் இருக்கிறது என்பது குழந்தைக்குச் சீக்கிரமே புரிந்துவிடும். தானாக உள்ளே வந்தால் இடம் விடுங்கள். வராவிட்டாலும் குறையில்லை. கண்ணைக் கட்டும் விளையாட்டுக்கு மட்டும், கூச்சமில்லாத குழந்தையானாலும், முதலில் சம்மதம் கேளுங்கள்.

தட்டில் பொருள்களை வைத்து, மூடி, நினைவுபடுத்திச் சொல்லும் ஆட்டத்தில் எத்தனை பொருள் வைக்கலாம்?

ஐந்து வயதுக்கு 6 முதல் 8. பத்து வயதுக்கு மேல் 15, 20 வரை போகலாம். பட்டியலாக எழுதச் சொன்னால் எழுதத் தெரியாதவர்கள் பின்தங்குவார்கள். மூடியபடியே ஒரு பொருளை எடுத்துவிட்டு, “எது காணோம்?” என்று கேளுங்கள்.

இரண்டு வயதுக் குழந்தையும் கூட்டத்தில் இருக்கிறது. எதைத் தவிர்க்க வேண்டும்?

கோலிக்குண்டு, பொத்தான், நாணயம் என்று வாய்க்குள் போகக்கூடிய எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கைக்கு எட்டக் கூடாது. ரப்பர் பலூன் இதைவிட ஆபத்தானது. ஊதாத பலூனோ வெடித்த துண்டோ மூச்சுக்குழாயை அடைத்துவிடும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் ஊதாத பலூனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெடித்ததை உடனே பொறுக்கிவிடுங்கள், ஆட்டம் நின்றாலும் பரவாயில்லை.

ஒருவரையொருவர் தெரியாத 30 பெரியவர்கள். எதையும் வாங்காமல் ஆட ஏதாவது?

பேசாமல், சைகையால் மட்டும் பிறந்த தேதி வரிசைப்படி நிற்கச் சொல்லுங்கள். ஆண்டு வேண்டாம், மாதமும் நாளும் போதும். விரல் விடுவதிலேயே தயக்கம் போய்விடும். நின்று முடித்ததும் ஒரு முனையிலிருந்து உரக்கச் சொல்லச் சொல்லி, இடம் மாறி நிற்பவர்களைச் சரியான இடத்துக்கு அனுப்புங்கள். 23 பேர் இருந்தாலே அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 30 பேரில் அது ஏறத்தாழ 70 சதவீதம். அப்படி ஒரு ஜோடி அகப்பட்டால் அடுத்த ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அகப்படாவிட்டால், பக்கத்துப் பக்கத்துத் தேதிக்காரர்கள் ஒரு ஜோடி போதும்.