ஆதிப் பிரபஞ்சத்தின் ஐதரசனை அயனாக்கியது எது?

பெருவெடிப்புக்கு 380,000 ஆண்டுகள் கழித்து உருவான ஐதரசன் அணுக்களிலிருந்து இலத்திரன்களை மறுபடி பிரித்தது, அதாவது அவற்றை அயனாக்கியது, எது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இளம் விண்மீன்களின் புறஊதா ஒளிதான். இலத்திரனைக் கழற்ற 13.6 இலத்திரன்வோல்ட் சக்தி வேண்டும். நமது சூரியனில் அவ்வளவு சக்தியுள்ள ஒளி மிகக் குறைவு. அதைவிடப் பல மடங்கு பாரமான, கொதிக்கும் விண்மீன்களே அதை அள்ளி வீசும். குவேசார்களும் (பாரிய கருந்துளைகளைச் சுற்றி ஒளிரும் பேரடை மையங்கள்) உதவின, ஆனால் அப்போது அவை அரிது.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த அயனாக்கம் பரவிய விதம். மின்வெட்டு முடியும் இரவில் வெள்ளவத்தையில் ஒரு மொட்டைமாடியில் நின்று பாருங்கள்: முதலில் ஒரு ஒழுங்கை வெளிச்சமாகும், அப்புறம் தள்ளி இன்னொன்று. அப்படித்தான் சிறு விண்மீன் பேரடைகளைச் சுற்றி அயனாகிய குமிழிகள் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பெருவெடிப்பிலிருந்து சுமார் 100 கோடி ஆண்டுகளில் வெளியெங்கும் நிறைந்தன.