நண்டுக் கூட்டில் அப்பும் கறுப்பு மட்டி: சுரண்டியதை எங்கே போடுவது?

பெரியகல்லாற்றைச் சேர்ந்த கடற்றொழிலாளர் ஒருவர், மட்டக்களப்பு வாவியில் தாம் போடும் நண்டுக் கூடுகளிலும் தோணியின் அடியிலும் நகத்தளவான கறுப்பு மட்டிகள் கொத்துக் கொத்தாக அப்பியிருப்பதாகவும், அவற்றைச் சுரண்டி வாவிக்குள்ளேயே போட்டுவருவதாகவும் எழுதியிருக்கிறார். இவை பிற நாட்டு இனமா, அதே கூடுகளை அம்பாறை மாவட்டத்துக் கோமாரிக் களப்பில் போடலாமா என்று கேட்கிறார்.

இனம் எதுவானாலும், சுரண்டியதைத் தண்ணீரில் போடுவதை இன்றே நிறுத்துங்கள். கூட்டிலும் தோணியிலும் ஒட்டிக்கொள்ள மட்டி சுரக்கும் நார் அறுந்தாலும் அது சாவதில்லை. புதிய நார் சுரந்து, பக்கத்திலிருக்கும் கம்பிலோ கல்லிலோ மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். தோணியைக் கரையேற்றிச் சுரண்டி, தண்ணீர் எட்டாத இடத்தில், தென்னையடியில் குழி வெட்டிப் புதைத்துவிடலாம்.

இனி அடையாளம். ஒரு மட்டியைத் திறந்து, கூர்மையான நுனியின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே சிறிய வெள்ளைத் தட்டொன்று குறுக்கே நின்றால், அது கரீபியன் கடற்பகுதியிலிருந்து பரவி, 1967இலேயே விசாகப்பட்டினத் துறைமுகத்தில் பதிவான கறுப்புவரி மட்டியாக இருக்கக்கூடும். இது பெரும்பாலும் இரண்டரைச் சென்றிமீற்றரைத் தாண்டுவதில்லை. தட்டு இல்லாமல், ஓடு வழுவழுப்பாகவும் உட்புறம் கருநீலமாகவும் இருந்தால், சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூர், பழவேற்காட்டு மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கும் அமெரிக்க உவர்நீர் மட்டியைச் சந்தேகிக்கலாம். அங்கே அது அடிச்சேற்றைப் பாய் விரித்ததுபோல் மூடுவதால் இறால் புதைந்து வாழ இடமில்லாமல் போகிறது என்பதே அவர்களுடைய முறைப்பாடு. ஓட்டின் மேல் நுனியிலிருந்து விரியும் வரிகள் தடித்துத் தெரிந்தால் அது உள்ளூர் மட்டியாகவும் இருக்கலாம். எனவே கண்பார்வையை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டாம்.

இந்த இனங்கள் கடல் கடந்து வருவது கப்பல்களின் நிலைப்புநீரிலும் (கப்பல் சாயாமலிருக்க அதனுள் நிரப்பும் நீர்) அடிப்பகுதியிலும்தான். நிலைப்புநீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டபோதிலும் நடைமுறைக்கு வர 2017 ஆயிற்று. ஆனால் ஒரு களப்பிலிருந்து அடுத்த களப்புக்கு அவற்றைக் கொண்டுசெல்வது பெரும்பாலும் நம்முடைய தோணிகளும் ஈரம் காயாத வலைகளும்தான். மாரி வெள்ளம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று நம்பியிருக்க வேண்டாம். காக்கா ஆழி நன்னீருக்கு அண்மித்த உப்பிலும் கடல் நீரின் உப்பிலும் தாக்குப்பிடிக்கும் இனம்.

ஆகவே கோமாரிக்குக் கொண்டுபோவதாயின், கூடுகளையும் கயிறுகளையும் சுரண்டி, முழு வெயிலில் ஒரு வாரமாவது உலரவிடுங்கள். ஓடு இறுக மூடிய மட்டி கரையிலும் பல நாள் உயிர் தரிக்கும் என்பதால் இரண்டு நாள் வெயில் போதாது. நன்னீரில் ஊறவைப்பதாலும் இந்த இனங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கார்த்திகை, மார்கழியில் வெயிலை நம்ப முடியாதாகையால், அந்த மாதங்களில் கூடுகளை இடம் மாற்றாமலிருப்பதே என் ஆலோசனை.

குளோரின் அல்லது துரிசு (செப்புச் சல்பேற்று) கலந்து கொல்லலாமா என்று கேட்போரும் உண்டு. 1999இல் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரில் கறுப்புவரி மட்டியை அப்படித்தான் அழித்தார்கள். ஆனால் அங்கே படகுத்துறைகளின் மதகுக் கதவுகளை மூடிவிட்டு மருந்திட முடிந்தது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கும் நம் வாவிக்குக் கதவு எங்கே? இங்கே ஊற்றினால் முதலில் சாவது மீனும் இறாலும்தான்.

இனம் தெரியும்வரை இவற்றைச் சமைக்கவும் வேண்டாம். தண்ணீரை வடித்து உண்ணும் உயிரினமாகையால், பட்டினத்துக் கழிவு கலக்குமிடத்தில் கிருமியும் அதனுள் சேரும்.

முழுதான பத்து மட்டிகளை ஐஸில் வைத்து, எடுத்த இடத்தையும் திகதியையும் எழுதி, அளவுகோலுடன் படமும் எடுத்து, உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடமோ வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையிடமோ கொடுங்கள். திறந்து பார்த்த ஓடுகளையும் எறியாமல் அதே பையில் சேர்த்துக் கொடுங்கள். நுனியிலுள்ள அந்தத் தட்டு அவற்றில்தான் எளிதில் தெரியும்.