பிடிக்காத கட்சியின் எம்.பி. திறமையானவரா என்று எப்படிப் பார்ப்பது?

கட்சியின் கொள்கை வேறு, அவர் செய்யும் வேலை வேறு. கொள்கை பிடிக்காவிட்டால் எதிர்த்து ஓட்டுப் போடுங்கள், சரி. ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்பது பதிவாகி இருக்கிறது. மக்களவை இணையதளத்தில் அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர் தந்த பதில்களும் கிடைக்கும். எண்ணிக்கையில் மயங்காமல் நாலைந்தை முழுசாகப் படியுங்கள். உங்கள் ஊர் ரயில்வே மேம்பாலம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டாரா? மழுப்பலான பதில் வந்தபின் மறுபடி கேட்டாரா? அதில்தான் ஆள் தெரிவார். (அமைச்சராக இருந்தால் இது பொருந்தாது; அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை.)

அப்புறம் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அவர் பரிந்துரைப்பார், நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். அதனால் பணி தாமதமானால் அவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

அவருக்கு ஓட்டுப் போட்ட பக்கத்து வீட்டு அண்ணனிடமும் காரணம் கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேட்டால், நமக்குத் தெரியாத தொகுதிப் பிரச்சினை ஒன்று அவர் வாயிலிருந்து வரும்.