அமெரிக்க மருத்துவ பில்லிங்கில் 8 வயதுக் குழந்தையின் கால் கட்டுக்கு எந்தக் கோடு (code)?

கியூ4038 (Q4038) போட்டு அனுப்பிய இன்சூரன்ஸ் கிளெய்ம் திரும்பிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். முழங்காலுக்குக் கீழே ஃபைபர்கிளாஸ் (கண்ணாடியிழை) கட்டு என்றால் கியூ4040. நீங்கள் போட்டிருக்கும் கியூ4038 பெரியவர்களுக்கானது, அதனால்தான் கிளெய்ம் திரும்பியிருக்க வேண்டும்.

கட்டுப் பொருளுக்கான இந்தக் கியூ கோடுகள் மூன்று விஷயங்களைப் பார்க்கின்றன: கட்டு எதுவரை, என்ன பொருள், என்ன வயது. 11-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள்வரை குழந்தை. 11-வது பிறந்தநாள் வந்துவிட்டால் பெரியவர். உடல்வாகு கணக்கில் வராது. இதே குழந்தைக்கு மாவுக்கட்டு என்றால் கியூ4039. தொடைவரை போகும் நீளக் கட்டுக்கு மாவு கியூ4031, ஃபைபர்கிளாஸ் கியூ4032. ஸ்ப்ளின்ட்டுக்கு (காலை முழுதாகச் சுற்றாத தாங்கு கட்டு) வேறு கோடுகள், கவனம்.

நிறையப் பேர் பணத்தை இழப்பது இன்னோர் இடத்தில். எலும்பு முறிவுச் சிகிச்சைக் கோடு போட்டால், முதல் கட்டைப் போடும் வேலை (அதன் கோடு 29405) அதிலேயே அடக்கம். கட்டுப் பொருள் அடக்கம் இல்லை. அதைத் தனியாக பில் செய்யலாம். சேர்ந்தே வந்துவிட்டது என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், 10 வயதுக் குழந்தைக்குச் சில வாரம் கழித்துக் கட்டை மாற்றினால் பிறந்த தேதியை மறுபடி பாருங்கள். இடையில் 11 வயது ஆகியிருந்தால், பழைய கோடை அப்படியே காப்பி செய்யக்கூடாது. டாக்டரின் குறிப்பில் ‘கட்டு போடப்பட்டது’ என்று மட்டும் இருந்தால், என்ன பொருள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.